கீழ்ப்பாக்கம் என்னும் பெயர்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-9



"கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரை ஒருவரை இகழும் சொல்லாக நாம் எத்தனை முறை கேட்டுச் சிரித்திருக்கிறோம்! உறக்கமின்றித் தவிக்கும் சகோதரனையும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் காரணம் அறியாமல் அழும் சகோதரியையும் மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பது அந்தச் சிரிப்பே. ஆகையால் இந்த வாரம் அப்பெயரின் வரலாற்றை நினைவுகூர்வோம்.

1794ஆம் ஆண்டில் வாலண்டைன் கொனலி என்னும் அறுவை மருத்துவர் மனநோயாளிகளுக்கென்று சென்னையில் ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். 1871இல் அரசுக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. 1912ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, நீதிபதியின் ஆணையினால் ஒருவரை அங்கே சேர்க்கலாம். "இவரை அடைத்து வைக்க வேண்டுமா?" என்பதே அக்காலத்தின் முதன்மையான கேள்வி. "உமக்கு என்ன நேர்ந்தது?" என்று அமர்ந்து கேட்போர் அரிது.

1950களில் புதிய மருந்துகள் வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் மனநல மையத்தைத் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறச் செய்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகிய சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பின்னர் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தை உருவாக்கினார்.

எனினும் பழைய இருள் முற்றும் நீங்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். இதனை வேறொரு சமயத்தாரின் குற்றமென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. மருந்தை நிறுத்திவிட்டு ஜெபித்தால் போதும் என்று கூறியோர் நம் நடுவிலும் உண்டு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க நெறிகளுக்கோ சமய நம்பிக்கைக்கோ இசையவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கலாகாது என்றும், முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே அதற்குச் சான்றாகாது என்றும் அது கூறுகிறது.

அப்படியானால் இன்று மருத்துவரிடம் சென்றால் என்ன நடக்கும்? பெரும்பாலும் உரையாடல்தான். எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, பசி எப்படி, வேலை செய்ய முடிகிறதா, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் இத்தகைய துன்பம் இருந்ததா என்று கேட்பார். பிறர் காதில் விழாத குரல் கேட்கிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றும் கேட்பார். இக்கேள்வியால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. நாள், கிழமை போன்ற எளிய கேள்விகளால் நினைவாற்றலைச் சோதிப்பார். உங்கள் இசைவோடு வீட்டாரிடமும் பேசுவார். மனநோயை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை பொதுவாக இல்லை. ஆனால் தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் குறைபாடு ஆகியவையும் மனத்தைத் தளர்த்தக்கூடும் என்பதால் அவற்றைப் பார்க்கச் சொல்லலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் மாறி மாறி இரவுப் பணி செய்வோர் தங்கள் ஷிப்ட் நேரங்களை மறவாமல் சொல்லுங்கள்.

நோயின் பெயர் முதல் நாளிலேயே உறுதியாகாமல் போகலாம். பின்னர் மாறவும் கூடும். அது தீர்ப்பன்று, சிகிச்சைக்கு வழிகாட்டும் குறிப்பு. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். நோய் என்ன, மருந்து எதற்கு, பக்கவிளைவு யாது என்று கேட்பது உங்கள் உரிமை. சொன்னவற்றை இரகசியமாய்க் காப்பது அவர்களுடைய கடமை.

நம் மாவட்டத்திற்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. உடனே யாரிடமாவது பேச வேண்டுமெனில் 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசி எண் உண்டு.

எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாவை வேண்டினான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார். அதற்குப் பின்னரே, இங்கே உனக்கு என்ன காரியம் என்று வினவி, அவன் சொன்னதைக் கேட்டார். சரீரத்தைப் பேணி, கேள்வி கேட்டு, செவிகொடுக்கும் அந்த ஒழுங்கையே நல்ல மருத்துவரிடமும் காண்கிறோம்.

உங்களில் எவரேனும் அந்தச் செடியின் கீழ் இருப்பீர்களாயின், வெட்கப்படாதீர்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள்; நான் உடன் வருகிறேன். மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இனி அந்த ஊர்ப்பெயரைச் சொல்லிச் சிரியாதிருப்போம்.

ஜெபம்: ஆண்டவரே, தளர்ந்தோருக்குச் செவிகொடுக்கும் உள்ளத்தை எங்கள் சபைக்குத் தாரும். ஆமென்.