தோள்சீலையிலிருந்து பாடி வரை



புடவை வாங்கணும்னா நாலு கடை ஏறி இறங்கி, விரிச்சுப் பார்த்து வாங்குறோம். 'பாடி' வாங்கணும்னா மட்டும் நமக்குக் குரலே எழும்பாது. கடையில் ஆம்பளை நின்னா, குடுத்ததைப் பேப்பரில் சுத்தி வாங்கிட்டு வந்துடுவோம். அளவு சேரலைன்னாலும் மாத்தப் போக மாட்டோம். ஆனா மார்பை மறைக்க ஒரு துணிக்காக அடி வாங்கிய பெண்களின் வரலாறு நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கு.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் அங்கே மேல்சாதிக்காரர்கள் முன்னால் தோள்சீலை போடக் கூடாது. 1822 முதல் கல்குளம், இரணியல் பக்கம் துணிஞ்சு ரவிக்கையும் தோள்சீலையும் போட்ட பெண்களை அடிச்சாங்க, பொது இடத்தில் துணியைக் கிழிச்சாங்க. அந்தப் பெண்கள் விடலை. 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்தரவு போட்டார். அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி உடுத்தக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை. இதுதான் தோள்சீலைப் போராட்டம். மொத்தம் 37 வருஷம்!

நாம இன்னைக்குப் போடுற பாடி பிறகு வந்தது. பழைய தமிழில் மார்பில் கட்டும் துணிக்குக் 'கச்சு' என்று பேர். அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண், இறுக்கமான உள்ளுடை பிடிக்காமல் ரெண்டு கைக்குட்டையையும் ரிப்பனையும் சேர்த்துத் தைச்சு, 1914-ல் காப்புரிமை வாங்கினார். ஏ, பி, சி, டி என்ற கப் அளவு 1930-களில்தான் வந்தது.

34பி என்றால், 34 உடம்பைச் சுத்தி வரும் பட்டையின் அளவு. பி என்பது கப் அளவு. பாரத்தைத் தாங்க வேண்டியது கீழ்ப்பட்டை, தோள்பட்டை வார் இல்லை. தோளில் தழும்பு விழுந்தாலோ, பின்பக்கம் பட்டை மேலே ஏறினாலோ அளவு தப்பு. கம்பெனி பஸ் ஏறி, ஷிப்டு முழுக்க நின்னு வேலை செய்யுற நம்ம பெண்களுக்கு அந்த வலி தெரியும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு இஞ்ச் டேப் கொண்டு வாங்க. ஆம்பளைங்க இல்லாத இடத்தில், மார்புக்குக் கீழே ஒரு சுத்து, மார்பின் மேல் ஒரு சுத்து அளந்து எழுதி வச்சுக்குவோம். கடையில் அந்த ரெண்டு அளவையும் வாய் திறந்து சொல்லிக் கேட்போம். துணி போடவே அவங்க அடி வாங்கினாங்க. அளவு கேட்க நமக்கு என்ன வெட்கம்?