இண்டை: நாம் மறந்த பூவளையம்



மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தாயார் இயற்கை எய்தினார். அன்று கடையிலிருந்து இரண்டு மலர்வளையங்களை வரவழைத்தோம். நுரைப்பஞ்சு வளையத்தில் செவ்வந்தியும் ஆர்க்கிட்டும் செருகி, ஊதா நிற நாடா சுற்றியிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அவற்றைப் பார்த்தபோது என் நெஞ்சு உறுத்தியது.

பால்மரம் வெட்டி வீடு திரும்பிய பின், வெள்ளிக்கிழமைதோறும் லயன் வீட்டு வாசலில் அமர்ந்து நந்தியாவட்டையும் செம்பருத்தியும் தொடுத்துத் தோட்டத்து மாரியம்மனுக்குக் கொண்டு சென்றவர் என் தாயார். அவருக்கு ஒரு முழம் பூத் தொடுக்க மகளாகிய எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் தமிழாசிரியை! எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என யாப்பின் ஆறு உறுப்புகளையும் பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவள்.

அந்த உறுத்தலே என்னைத் தேட வைத்தது. வட்டமாகக் கட்டும் பூவளையம் மேலைநாட்டிலிருந்து வந்த வழக்கம், துக்க வீட்டுக்கு மட்டுமே உரியது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். தேடியபோது அந்த எண்ணம் தவறென விளங்கியது.

தலையில் சூடிய பூ

சங்க காலத் தமிழர் தலையில் சூடியதைக் கண்ணி என்றும், மார்பில் அணிந்ததைத் தார் என்றும் பிரித்து வழங்கினர். மூவேந்தருக்கும் அடையாளப் பூக்கள் இருந்தன. சேரருக்குப் பனம்பூ, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு.

போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூ இருந்தது. ஆநிரை கவர்வோர் வெட்சி சூடினர். மாற்றார் மண்மேல் படையெடுத்தோர் வஞ்சி சூடினர். மதிலை வளைத்தோர் உழிஞை சூடினர். நேருக்கு நேர் பொருதோர் தும்பை சூடினர். வென்றோர் வாகை சூடினர். பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்ற மாணவர்கள் “வாகை சூடினர்” என்று நாம் இன்றும் அறிக்கை எழுதுகிறோம். வாகை ஒரு மரத்தின் பூ என்பதை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

நம் பிள்ளைகள் முதலில் ஒப்புவிக்கும் ஔவையாரின் நூல்களையே பாருங்கள். ஆத்திசூடி என்பது ஆத்திப் பூவைச் சூடிய சிவபெருமானைக் குறிக்கும் பெயர். கொன்றைவேந்தன் என்னும் பெயரிலும் பூ இருக்கிறது. பிள்ளைகள் நூலின் பெயரைச் சொல்லும்போதே தலையில் சூடிய ஒரு பூவையும் சொல்லிவிடுகிறார்கள்!

சேக்கிழார் காட்டும் பூக்கூடை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் முருக நாயனார் வரலாறு உள்ளது. அவர் திருப்புகலூரைச் சேர்ந்தவர். விடியுமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ ஆகிய நால்வகைப் பூக்களையும் கொய்து, வெவ்வேறு கூடைகளில் சேர்த்து, இறைவனுக்கு மாலை தொடுப்பதே அவருடைய தொண்டு.

அங்கே சேக்கிழார் தரும் பட்டியல் என்னை வியக்க வைத்தது. செய்யும் முறைக்கு ஏற்பப் பெயரும் மாறுகிறது.

1. கோவை: கோத்துச் செய்வது.
2. இண்டை: வட்டமாகச் சுருக்கிக் கட்டுவது.
3. கண்ணி: தண்டில் வைத்துக் கட்டுவது.
4. பிணையல்: தாளில் பிணைப்பது.
5. தொங்கல்: தொங்குமாறு அமைப்பது.

இவையன்றித் தாமம், மாலை என்பனவும் அப்பட்டியலில் உண்டு. இண்டைதான் நாம் தேடிய பூவளையம். அது இறைவனின் திருமுடியில் வைக்கப்பட்டது. ஆக, வளையத்திற்குத் தமிழில் வழிபாட்டோடு சேர்ந்த பழைய பெயரே இருக்கிறது.

மணிமேகலைக் காப்பியத்திலும் கதையின் திருப்பம் பூத் தொடுக்கும் இடத்தில்தான் நிகழ்கிறது. தாயும் மகளும் மலர் தொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததை மாதவி சொல்லக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர் மாலைமேல் விழுகிறது. மாலை தூய்மை இழந்தது, புதுமலர் கொய்து வா என்று மாதவி மகளை அனுப்புகிறாள். அங்கிருந்தே மணிமேகலையின் வாழ்க்கை வேறு வழியில் செல்கிறது. இப்பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். தாயார் போன பிறகு படித்தபோதுதான் அந்தக் கண்ணீரின் கனம் புரிந்தது.

பூவிலிருந்து பாவுக்கு

இனி, ஆசிரியர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று. மோனை, எதுகை முதலியவற்றைத் தொடை என்கிறோம். பூவைத் தொடுப்பதும் தொடையே. கோவை, இரட்டைமணிமாலை என நூல் வகைகளுக்கும் பூக்கட்டும் இடத்துப் பெயர்களே வாய்த்தன.

மலாய் மொழியிலும் இதே உறவைக் காணலாம். நம் மாணவர்கள் அஞ்சி நடுங்கும் ‘காராங்கான்’ கட்டுரையைக் குறிக்கும் சொல். மலர்வளையத்திற்கும் அதே சொல்தான். பூ என்பதற்கான சொல்லை உடன் சேர்த்துக்கொள்வார்கள். நாம் பேசும் இரண்டு மொழிகளிலும் எழுதுவது ஒருவகைப் பூக்கட்டாக இருக்கிறது. கை அந்தத் தொழிலை மறந்துவிட்டால் சொல் மட்டும் ஏட்டில் தங்கும். அதன் பொருளை மாணவர் நெஞ்சில் பதிக்க நாம் திண்டாட வேண்டியதுதான்.

மலாயா மண்ணில்

நம் முன்னோர் சஞ்சிக் கூலிகளாகவும் கங்காணி முறையிலும் இங்கு வந்தபோது உடன் கொண்டுவந்த பொருள்கள் மிகச் சில. கைத்திறனுக்கு மூட்டை தேவையில்லை. தோட்டந்தோறும் கோயில் எழுந்தது. லயன் வீட்டு ஓரத்தில் பூச்செடி வளர்ந்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். செடிக்கு இடமில்லை. இன்று செவ்வந்தி கேமரன் மலையிலிருந்து வருகிறது. மல்லிகை தமிழகத்திலிருந்து வானூர்தியில் வருகிறது. கோலாலம்பூரில் 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயிலின் அருகிலும், பிரிக்பீல்ட்சிலும் பூக்கடைக்காரர்கள் இக்கலையைக் காத்து வருகிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வீட்டில் அது நின்றுபோயிற்று. என் வீட்டில் அது என்னோடு நின்றது.

வீட்டில் கட்டும் முறை

தாயாரின் முதலாண்டு நினைவு நாளுக்கு முன், என் பெரியம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

1. காய்ந்த வாழைமட்டையை மெல்லிய நாராகக் கிழித்துச் சற்று நேரம் நீரில் ஊற வையுங்கள். ஈர நார் அறுந்து போகாது, பூக்காம்பையும் வெட்டாது.
2. தென்னை ஈர்க்கு நான்கைந்தைச் சேர்த்து, உணவுத் தட்டின் அளவுக்கு வளைத்து நாரால் கட்டுங்கள்.
3. துளசிக் கொத்தோடு மூன்று நான்கு பூக்களைக் காம்புடன் சேர்த்து ஒரு பிடியாக்குங்கள்.
4. பிடியை ஈர்க்கின்மேல் வைத்து, நாரை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். மிக இறுக்கினால் காம்பு நசுங்கும். தளர்ந்தால் பூ உதிரும்.
5. அடுத்த பிடியின் பூ, முந்தைய பிடியின் காம்பை மறைக்க வேண்டும். இப்படியே ஒரே திசையில் சென்று வட்டத்தை நிறைவு செய்யுங்கள்.

எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. வளையம் ஒரு பக்கம் கோணலாகத்தான் இருந்தது. பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்கம்மாவும் முதல்ல இப்படித்தான் கட்டுனா” என்றார். அதைத் தாயாரின் படத்திற்குச் சாற்றினேன்.

பின்பு என் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கும் ஒரு பாடவேளையில் இதைச் செய்து காட்டினேன். நார் வழுக்கியது, பூ உதிர்ந்தது, வகுப்பு முழுவதும் துளசி மணம்! மறுநாள் கட்டுரைப் பாடத்தில் ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், இந்தப் பத்தியோட காம்பு தெரியுது. அடுத்த வாக்கியத்தால மறைக்கணுமா?” என்று கேட்டான். தொடர்பமைதியைப் பற்றி நான் பல ஆண்டுகளாக விளக்கியும் கிடைக்காத கேள்வி அது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? அவருக்குப் பூக்கட்டத் தெரியுமா? இந்த வெள்ளிக்கிழமை பிள்ளையை அவர் அருகில் அமர வையுங்கள். ஒரு முழம் போதும்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை