ஆன்போர்டே போதுமா?

திருவொற்றியூர்ப் பசங்க கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண ரிச்சி தெருவுக்குப் போனால் கடைக்காரர் கேட்பார்: "கார்டு போடணுமா, ஆன்போர்டே போதுமா?"

இந்தக் கேள்வி சூடுபிடித்தது 1999இல். இன்டெல் 810 சிப்செட் கிராபிக்ஸை உள்ளேயே வைத்து வந்தது. ரேமில் பங்கு கேட்கும், ஆனால் மலிவு. அதே ஆண்டு என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 தனிக் கார்டாக இறங்கியது. வேகத்தில் ஜெயித்தது கார்டு. பரவியது ஆன்போர்டு.

2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ், கிராபிக்ஸையும் சிபியுவையும் ஒரே சில்லில் சேர்த்தது. அதே ஆண்டுதான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியும் வந்தது. தனிக் கார்டு இல்லாத அதில்தான் எங்க ஏரியாவில் பலர் முதல் புரோகிராம் எழுதினார்கள். ஆன்போர்டு என்றதும் இளக்காரமாகச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். கேம், த்ரீடி என்றால் சரி, கார்டு வாங்குங்க. எஸ்எம்பிஎஸ் தாங்குமான்னு முதல்ல பாருங்க.