மங்சா, சாக்சி, பாதிக்கப்பட்டோர்: தீர்ப்புக்குப் பின் ஒரு சொல் வரலாறு

கோவலன் கொலையுண்ட செய்தி கண்ணகிக்கு அரசவையிலிருந்து வரவில்லை. ஆயர் சேரியில் ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே வந்தது. வழக்கின் முடிவை அதனால் வாழ்வு குலைந்தவருக்கு அறிவிக்கும் கடமை எவருடையது என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று.

மலேசியச் செய்தித்தாள்கள் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை 'மங்சா' என்கின்றன. ஊன் எனப் பொருள்படும் வடசொல்லாகிய 'மாம்ச' என்பதே இதன் மூலம்; நம் 'மாமிசம்' இதன் உடன்பிறப்பு. மலாயில் அது இரையையும், இரைபோல் ஆனவரையும் குறிக்கும். நீதிமன்றத்திலோ அவர் 'சாக்சி', அதாவது சாட்சி. குற்ற வழக்கு அரசுக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் இடைப்பட்டதாதலின், பாதிக்கப்பட்டவர் வழக்கின் தரப்பினர் அல்லர். சாட்சியம் முடிந்தபின் அவருக்கு அங்குப் பெயரே இல்லை.

இந்நிலை மெல்ல மாறியது. 1963இல் நியூசிலாந்து குற்றத்தால் காயமுற்றோர்க்கு அரசே இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது. 1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, வழக்கின் போக்கையும் முடிவையும் பாதிக்கப்பட்டோர்க்கு அறிவித்தல் வேண்டும் என்று பறைசாற்றியது.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் கருதத்தக்கன. 107ஏ பிரிவின்படி, புகார் அளித்தவர் புலனாய்வின் நிலையைக் கேட்டறியலாம். 183ஏ பிரிவு, தண்டனை விதிக்குமுன் பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ தம் துன்பத்தை எடுத்துரைக்க இடமளிக்கிறது. 426ஆம் பிரிவு, அரசு வழக்கறிஞர் விண்ணப்பித்தால், குற்றவாளி இழப்பீடு செலுத்த ஆணையிட வழிசெய்கிறது. ஆயினும் இம்மூன்றும் தண்டனையோடு நின்றுவிடுகின்றன. மேல்முறையீடு, சிறைவிடுதலை, 2008இல் அறிமுகமான பரோல் ஆகியவை அதன் பின்னரே தொடங்குகின்றன.

இவ்விடத்தில்தான் மொழி தடையாகிறது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ வாழும் தாயொருவர் 'ராயுவான்' என்று கேட்டால், அன்றாட மலாய்ப் பொருளில் அதனைக் கெஞ்சுதல் என்றே கொள்ளக்கூடும். சட்டத்தில் அது மேல்முறையீடு. கீழ்நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக அதற்கான அறிவிப்பைத் தர 14 நாள்களே உண்டு. 'பம்பாசான்' இழப்பீடு என்று அறியாதவர், அதற்கு விண்ணப்பிக்குமாறு அரசு வழக்கறிஞரைக் கேட்கவும் மாட்டார். மொழிபெயர்ப்பாளரின் பணி நீதிமன்ற நடவடிக்கையோடு முடிகிறது. அத்தாயின் ஐயங்களோ வீடுவரை தொடர்கின்றன.

'பாதிக்கப்பட்டவர்' என்பதும் செயப்பாட்டுவினையின் வழிவந்த பெயரே. அவருக்கு நேர்ந்ததை அது கூறும், அவருக்கு உரியதைக் கூறாது. ஆசிரியரும் மாணவரும் இச்சட்டச் சொற்களுக்குத் தெளிதமிழில் விளக்கம் எழுதி வகுப்பில் பயிற்றுவித்தல் வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்கும் சொல் கைவந்தால், சாட்சியாய் நின்றவர் உரிமையுடையவராய் நிற்பார்.