பாடுகிறவரின் காது

ஒலிபெருக்கி பற்றிய நம் அரசியல் பேச்சு முழுக்கக் கூட்டத்தையே பார்த்து நிற்கிறது. மைக்கால் வளர்ந்த இயக்கம் என்கிறோம், சரிதான். மேடையில் நிற்கிறவருக்கு என்ன கேட்டது என்று நாம் கேட்டதில்லை.

1886இல் சிவகாசியில், மருத்துவர் சாதியில் பிறந்த விசுவநாததாஸ் நடிக்க வந்த காலத்தில் மைக் கிடையாது. தொண்டை, ஆர்மோனியம், மிருதங்கம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். 1940இல் சென்னையில் மேடையிலேயே செத்தார்.

பிறகு ரேடியோ செட் வந்தது. திருத்தங்கல் பக்கம் பொங்கல் என்றால் மரத்துல குழாய் கட்டிருவாங்க. குழாயின் வாய் ஊரைப் பார்த்திருக்கும். எதிரே 85 மீட்டரில் சுவர் இருந்தால் பாடியது அரை விநாடி கழித்துத் திரும்பும், தாளம் போச்சு. ராஜபார்ட் கத்துவார், தொண்டை கட்டும்.

1965இல் நியூயார்க் ஷியா ஸ்டேடியத்தில், சுமார் 55,000 பேர் கத்தலில், பீட்டில்ஸுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. மேடை மானிட்டர் பரவியது அதன் பிறகே. நம்மூரில் செட்டுக்காரரே ப்ளைவுட்டைச் சாய்வாக அறுத்து, 12 அங்குல ஸ்பீக்கர் பூட்டி, மைக்கின் முதுகுப் பக்கம் வைக்கிறார். மைக்குக்கு முதுகில் காது மந்தம். முன்னால் வைத்தால் ஊளையிடும்.

வெடிச் சத்தத்துக்கு 1999இல் விதி வந்தது (4 மீட்டரில் 125 டெசிபல்). இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்று 2000இல். இரண்டும் கேட்பவர் காதுக்கு.

மெல்லிசைக் குழுவுக்குக் கிடைக்கும் மானிட்டர் நாடகத்துக்கு ஏன் இல்லை என்று ஒரு செட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கமிட்டி அதுக்குத் துட்டு தராதுல்ல அண்ணாச்சி. அவுங்களும் கேக்க மாட்டாங்க."