கலப்படத்திலிருந்து சேர்க்கைப்பொருள் வரை: பாஸ்பேட்டும் தமிழக உணவுச் சட்ட வரலாறும்

முன்னுரை

சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு ஆணையரகம் இயங்கி வருகிறது. முந்தைய சட்டங்களின் பெயர்களில் இடம்பெற்றிருந்த 'கலப்படம்' என்ற சொல் இவ்வலுவலகத்தின் பெயரில் இல்லை. 'பாதுகாப்பு' என்பதே உள்ளது. இம்மாற்றம் எதைச் சாதித்தது, எதை விட்டுவைத்தது என்பதைப் பாஸ்பேட் சேர்க்கைப்பொருள்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத்தின் வளர்ச்சி

சென்னை மாகாணத்தில் 1918இல் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின், 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் நாடு முழுமைக்குமான சட்டமாக வந்தது. பாலில் நீர், மிளகில் பப்பாளி விதை என விற்பவரின் வஞ்சகமே இச்சட்டங்களின் முதன்மை இலக்கு. நிறமிகளுக்கும் பதப்படுத்திகளுக்கும் வரம்புகள் இருந்தன. எனினும் வரம்பு மீறலும் 'கலப்படம்' என்ற வரையறைக்குள்ளேயே அடக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 'உணவுச் சேர்க்கைப்பொருள்', 'பாதுகாப்பற்ற உணவு' ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுத்தது. அதன் விதிகள் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்தன.

பாஸ்பேட்டின் பயன்கள்

1856இல் அமெரிக்க வேதியியலாளர் எபென் ஹார்ஸ்ஃபோர்டு, ரொட்டி மாவை உப்பவைக்கும் கால்சியம் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பாலாடைக்கட்டியில் கொழுப்பும் நீரும் பிரியாமல் காப்பதற்கும், உறைய வைத்த இறாலில் நீர் வடியாமல் தடுப்பதற்கும் பாஸ்பேட் உப்புகள் பயன்படுகின்றன. கோலா பானத்தின் புளிப்பு பாஸ்பாரிக் அமிலத்தால் வருவது. அளவு மீறிய பாஸ்பேட் கரைசலில் ஊறிய இறால் எடை கூடும். வாங்குபவர் நீருக்கும் விலை கொடுக்கிறார். பாலில் நீர் சேர்த்த பழைய வஞ்சகத்தின் சாயலை இங்குக் காணலாம். ஆயின் பொருள் அனுமதிக்கப்பட்டது. குற்றம் அளவில் மட்டுமே உள்ளது.

பாதுகாப்பு மதிப்பீடுகள்

பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் வடிவில் இருப்பதால் குடலில் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. சேர்க்கைப்பொருளின் கனிம பாஸ்பேட்டோ பெருமளவு உறிஞ்சப்படுகிறது. 1982இல் பன்னாட்டு வல்லுநர் குழு, எல்லா வழிகளிலும் உட்கொள்ளப்படும் பாஸ்பரசுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 70 மில்லிகிராம் என நாள் உச்ச அளவை வகுத்தது. 2019இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அதை 40 மில்லிகிராமாகக் குறைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 2400 மில்லிகிராம். சிறுநீரகச் செயல்பாடு மிதமாகவோ கடுமையாகவோ குன்றியவர்களுக்கு இவ்வளவு பொருந்தாது என்றும் அவ்வமைப்பு தெளிவுபடுத்தியது. டயாலிசிஸ் பெறுவோருக்கு நாளொன்றுக்கு 800 முதல் 1000 மில்லிகிராம் வரையே மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைத்துள்ளன. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சேர்க்கைப்பொருள் கலந்த உணவைத் தவிர்க்கப் பயிற்சி பெற்ற டயாலிசிஸ் நோயாளர்களின் இரத்தப் பாஸ்பரஸ் அளவு மூன்று மாதங்களில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது.

பொட்டலம் சொல்வதும் சொல்லாததும்

அப்பயிற்சியின் அடிப்படை, பொட்டலத்தின் மேலுள்ள குறிப்பைப் படித்தறிவதாகும். இந்திய விதிகளின்படி சேர்க்கைப்பொருளின் வகையும், அதன் பெயரோ பன்னாட்டு எண்ணோ அச்சிடப்பட வேண்டும். 338 முதல் 341 வரையிலும் 450 முதல் 452 வரையிலும் உள்ள எண்கள் பாஸ்பாரிக் அமிலத்தையும் பாஸ்பேட் உப்புகளையும் குறிப்பன. 2020ஆம் ஆண்டின் விவரச்சீட்டு விதிகள் சோடியத்தின் அளவைக் கட்டாயமாக்கின. பாஸ்பரஸின் அளவைக் கட்டாயமாக்கவில்லை. எனவே இரத்த அழுத்த நோயாளர் உப்பைக் கணக்கிட்டு உண்ண இயலும். சிறுநீரக நோயாளருக்கு அவ்வாய்ப்பில்லை.

முடிவுரை

கலப்படச் சட்டங்கள் 'உணவில் அயற்பொருள் உள்ளதா' என வினவின. 2006ஆம் ஆண்டின் சட்டம் 'அனுமதித்த பொருள் வரம்புக்குள் உள்ளதா' எனவும் வினவுகிறது. இவ்விரண்டும் ஆய்வகமும் அலுவலரும் விடை காணும் வினாக்கள். 'எவ்வளவு உள்ளது' என்பது உண்பவர் கேட்கும் வினா. பாஸ்பரஸின் அளவு விவரச்சீட்டில் இடம்பெறும்போதுதான், 'பாதுகாப்பு' என்னும் சொல் நலமுடையோருக்கு மட்டுமன்றி நோயுற்றோருக்கும் உரியதாகும்.