ஒவ்வாமைத் தொடுதோல் அழற்சி

பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யாத ஒரு பொருள் தோலில் படும்போது, அதை உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் பகையெனக் கொண்டு எதிர்ப்பதால் உண்டாகும் தோல்நோய் ஒவ்வாமைத் தொடுதோல் அழற்சி எனப்படும். கடும் அரிப்பு, சிவப்பு, வீக்கம், சிறு நீர்க்கொப்புளங்கள் ஆகியன இதன் முதன்மை அறிகுறிகள். பொருள் படுவதற்கும் தடிப்பு எழுவதற்கும் இடையே ஒன்று முதல் மூன்று நாள் வரை கழிவது இந்நோயின் தனித்தன்மை. நோயாளியைப் பெரிதும் ஏமாற்றுவதும் இந்த இடைவெளிதான்: நேற்று உண்ட கத்தரிக்காயும் கருவாடும் பழி ஏற்க, முந்தாநாள் தலையில் பூசிய சாயம் நினைவுக்கே வராமல் போகிறது. பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் பொருள் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போகாது என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. உண்மையில் இந்த ஒவ்வாமை பெரும்பாலும் நெடுநாள் பழகிய பொருளுக்கே உண்டாகிறது.

ஒவ்வாமைத் தடிப்பு என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுபவற்றுள் இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் நிலைகள் இரண்டு. ஒன்று காணாக்கடி. இதில் தோலிலுள்ள மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைச் சட்டென வெளியிடுவதால், பூச்சி கடித்தாற்போன்ற திட்டுகள் சில நிமிடங்களில் எழும்புகின்றன. ஒவ்வொரு திட்டும் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சுவடின்றி அடங்கி, வேறோர் இடத்தில் புதியது தோன்றும். தொடுதோல் அழற்சியின் தடிப்போ எழுந்த இடத்திலேயே நாள்கணக்கில் நின்று, கசிந்து, பொருக்குத் தட்டி, செதிலுதிர்ந்த பின்பே மறைகிறது. மற்றொன்று உறுத்தல் அழற்சி. சோப்பு, சலவைத்தூள், காரம், அமிலம் போன்றவை தோலின் காப்புப் படலத்தை நேரடியாக அரிப்பதால் வரும் இதற்கு நோயெதிர்ப்பு மண்டலத்தின் முன்நினைவு தேவையில்லை. போதிய அளவும் நேரமும் கிடைத்தால் எவருக்கும் வரும். தொடுதோல் அழற்சிகளுள் பெரும்பங்கு இவ்வகையே. பாத்திரம் துலக்குவோர் கையில் உறுத்தல் அழற்சியும் ஒவ்வாமை அழற்சியும் சேர்ந்தே காணப்படுவதுண்டு. வெடித்த தோல் வழியே ஒவ்வாப்பொருள் எளிதில் உட்புகுவதால், முதலில் வந்த உறுத்தல் பின்னால் வரும் ஒவ்வாமைக்கு வாசல் திறந்துவிடுகிறது.

நோய் உருவாகும் விதம்

இந்நோயைத் தூண்டும் பொருள்களுள் பெரும்பாலானவை 500 டால்டனுக்கும் குறைந்த எடையுடைய மிகச் சிறிய மூலக்கூறுகள். இவை தனித்து நிற்கும்போது நோயெதிர்ப்பு மண்டலத்தின் கவனத்தை ஈர்ப்பதில்லை. தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்த பின்னரே அயற்பொருளாகத் தெரிகின்றன. இவ்வாறு புரதத்தைச் சார்ந்து செயற்படும் சிறு மூலக்கூறு ‘ஹாப்டென்’ எனப்படுகிறது. புறத்தோலில் கிளைவிட்டுப் பரந்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் அணுக்களும் அவற்றையொத்த பிற அணுக்களும் இந்தக் கூட்டுப்பொருளை ஏந்தி அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சென்று, அங்குள்ள டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களிடம் அடையாளம் காட்டுகின்றன. பால் லாங்கர்ஹான்ஸ் 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோது இவ்வணுக்களைக் கண்டறிந்து, அவற்றை நரம்பணுக்கள் என்றே கருதினார். அவற்றின் உண்மையான பணி துலங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அடையாளம் கண்ட டி அணுக்கள் பெருகி, அவற்றுள் ஒரு பகுதி நினைவணுக்களாக உடலெங்கும் சுற்றிவரத் தொடங்குவதற்குப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாள்கள் பிடிக்கின்றன. கூருணர்வூட்டல் எனப்படும் இந்த முதற்கட்டத்தில் தோலில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. அதே பொருள் அடுத்த முறை படும்போதுதான் நினைவணுக்கள் அவ்விடத்தில் திரண்டு அழற்சியை மூட்டுகின்றன. இது குருதிநீரிலுள்ள எதிர்ப்பொருள்களால் அன்றி அணுக்களால் நிகழ்வது என்பதைக் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் 1942இல் கினிப்பன்றிகளைக் கொண்டு நிறுவினர். ஜெல், கூம்ஸ் ஆகியோர் 1963இல் வகுத்த ஒவ்வாமைப் பிரிவுகளுள் இது நான்காம் வகை, அதாவது தாமத வகை. ஒருமுறை உண்டான நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது.

காரணப் பொருள்கள்

உலகெங்கும் மிகுதியாக ஒவ்வாமை தருவது நிக்கல். காது குத்திக்கொள்வதும் நகை அணிவதும் மிகுதி என்பதால் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. நிக்கல் கலந்த கவரிங் நகை வியர்வையில் ஊறும்போது உலோகம் அயனிகளாகக் கரைந்து தோலுக்குள் செல்கிறது. எனவேதான் குளிர்காலத்தில் வாளாவிருந்த தோடும் சங்கிலியும் சித்திரை வெயிலில் அரிக்கத் தொடங்குகின்றன. காதுமடல், கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றோடு, ஜீன்ஸ் பொத்தான் உரசும் கொப்பூழின் கீழ்ப்புறமும் இதற்குரிய இடம். தாலிக்கொடியில் அவசரத்துக்கு உதவும் என்று கோத்து வைக்கப்படும் ஊக்குகள் படும் இடத்தில் மட்டும், மார்பின் நடுவே ஒரு சிறு கருந்திட்டு நீங்காதிருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தங்கத்தில் குறை காண்பதற்கு முன் ஊக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஆண்களிடம், குறிப்பாகக் கட்டடத் தொழிலாளரிடம், குரோமியம் இதற்கு நிகரான இடம் பெறுகிறது. சிமெண்டில் மிகச் சிறிய அளவில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் நீரில் கரைந்து தோலை எளிதில் ஊடுருவுகிறது. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை தோலைப் புண்ணாக்கி அதற்குத் துணைபோகிறது. கலவையைக் கையால் அள்ளும் கொத்தனார், சித்தாள் ஆகியோரின் புறங்கை தடித்து, விரலிடுக்குகள் வெடித்து, காய்ப்பேறிக் கிடப்பதைத் தொழிலின் இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள்; அது ஒரு நோய் என்பதே பலர்க்குத் தெரிவதில்லை. தோல் பதனிடுவதிலும் குரோமிய உப்புகள் பயன்படுவதால், ஆம்பூர், இராணிப்பேட்டை போன்ற தோல் தொழில் நகரங்களின் தொழிலாளருக்கும், அத்தோலில் செய்த காலணியை வெறுங்காலில் அணிவோர்க்கும் இவ்வொவ்வாமை வரலாம். ரப்பர் செருப்பாயின் குற்றவாளி வேறு: ரப்பரை உறுதிப்படுத்தச் சேர்க்கப்படும் தையூரம், மெர்கேப்டோபென்சோதையசோல் ஆகியவை. செருப்பின் வார் படும் தடத்தில் மட்டும், புறங்காலில் ‘வி’ வடிவில் தடிப்பு எழுவது இதன் அடையாளம்.

தலைச்சாயத்திலுள்ள பாராஃபினைலின் டையமின் மிக வலிய ஒவ்வாமையூட்டிகளுள் ஒன்று. இது தலைத்தோலை விட நெற்றி விளிம்பு, காதோரம், கண்ணிமை ஆகிய இடங்களையே மிகுதியாகத் தாக்கும். இமைகள் திறக்க முடியாதபடி வீங்குவதும் உண்டு. மருதாணி விரைவில் பிடிக்கவும் கருக்கவும் இதே வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. இலையை அரைத்து வைக்கும் மருதாணி செம்மஞ்சள் நிறத்தையே தருமாதலால், கையில் கரிய நிறமாகப் பற்றும் ‘கருப்பு மருதாணி’ ஐயத்துக்குரியது. திருவிழாவில் இதை வைத்துக்கொண்ட சிறுமிக்குக் கோலம் வரைந்த கோட்டிலேயே கொப்புளம் எழுவதோடு, அப்போது உண்டான நினைவணுக்கள் பல ஆண்டுகள் கழித்து முதன்முறை தலைச்சாயம் பூசும்போது கடுமையாகப் பதிலளிக்கின்றன.

செடிகொடிகளுள் இந்தியாவில் முதலிடம் பார்த்தீனியத்துக்கு உரியது. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இக்களை, இறக்குமதியான கோதுமையோடு வந்து, 1950களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டதாகக் கருதப்படுகிறது. பின்னர் நாடெங்கும் தரிசிலும் சாலையோரத்திலும் பரவிற்று. காங்கிரஸ் புல் என்றும் இது அழைக்கப்படும். இதன் தண்டு, இலைகளிலுள்ள நுண்மயிர்களில் பார்த்தீனின் முதலிய செஸ்குவிடெர்ப்பீன் லாக்டோன்கள் உள்ளன. காய்ந்த செடியின் துகள்கள் காற்றில் மிதந்து படிவதால், செடியைத் தொடாதவர்க்கும் நோய் வருகிறது. வயலில் வேலை செய்யும் நடுவயது ஆண்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார்கள். முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கருத்துச் சுருங்குவதைக் கண்டு வெயிலால் வந்தது என எண்ணுவோர் உண்டு. ஆனால் வெயில் எட்டாத மேலிமை, காதின் பின்புறம், தாடையின் அடிப்புறம் ஆகியவற்றிலும் தடிப்பு இருப்பது காற்றில் வரும் ஒவ்வாப்பொருளையே சுட்டுகிறது. செவ்வந்தியும் பார்த்தீனியமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை ஆதலால், ஒன்றுக்குக் கூருணர்வு பெற்றவர் மற்றொன்றாலும் துன்புறலாம். பூக்கட்டுவோரின் விரல்நுனி அழற்சியில் இதை மறந்துவிடலாகாது.

சேராங்கொட்டை, முந்திரி, மா ஆகிய மூன்றும் இன்னொரு குடும்பத்தின் உறுப்பினர்கள். இவற்றின் பாலிலும் ஓட்டெண்ணெயிலும் உள்ள ஃபீனால் சேர்மங்கள், வட அமெரிக்காவின் நச்சுப்படர்கொடியிலும் சப்பானிய அரக்கு மரத்திலும் உள்ள உருஷியாலுக்கு நெருங்கிய உறவுடையவை. சலவைத் தொழிலாளர் சேராங்கொட்டைச் சாற்றால் துணியில் குறியிடும் வழக்கம் இருந்ததால், அக்குறி கழுத்துப் பட்டையின் உட்புறம் படும் பிடரியில் தடிப்பு உண்டாவதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கிய அயல்நாட்டுப் படைவீரரிடையே இது தெளிவாக அறியப்பட்டது. சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டையைச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்க்க வேண்டும் என்ற விதி இருப்பது, இதன் கொடுமையை முன்னோர் நன்கறிந்திருந்ததைக் காட்டுகிறது. முந்திரி உடைப்போர் கையில் சாம்பலும் எண்ணெயும் பூசிக்கொள்வதும் ஓட்டெண்ணெய்க்கு அஞ்சியே. மாங்காயின் காம்பருகே வடியும் பால் உதட்டையும் வாயோரத்தையும் புண்ணாக்கும். தோல் சீவிய பழத்தை உண்பதால் பெரும்பாலும் இத்தொல்லை வருவதில்லை.

பூண்டு உரிப்போரின் இடக்கைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் வறண்டு வெடிப்பதும் ஒவ்வாமையாக இருக்கலாம். கத்தி பிடிக்கும் வலக்கை தப்பிவிடுகிறது. ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள சில ஃபீனால் சேர்மங்கள் அரிப்போடு நில்லாமல் நெற்றியில் வெண்திட்டையும் விட்டுச்செல்கின்றன. இவையன்றி வாசனைப் பொருள்கள், நகப்பூச்சின் பிசின், அழகுப்பொருள்கள் கெடாமல் காக்கும் வேதிப்பொருள்கள் எனப் பட்டியல் நீளும். புண்ணுக்கு இடும் மருந்தே ஒவ்வாமை தருவதும் அரிதன்று: நியோமைசின் கலந்த களிம்பால் காலிலுள்ள ஆறாப்புண் மேலும் பரவ, நோயாளி அதே களிம்பை இன்னும் தாராளமாகப் பூசுவார். மஞ்சளும் இதற்கு விலக்கன்று. அதன் குர்குமின் சிலருக்கு ஒவ்வாமை தருவது பதிவாகியுள்ளது.

அறிகுறிகள்

கடுநிலையில் பொருள் பட்ட இடம் சிவந்து வீங்கி, கடுகளவு கொப்புளங்கள் நெருங்கி எழுந்து, உடைந்து, நீர் கசிந்து மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டுகிறது. மாநிறமும் கருநிறமும் உடைய தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. ஊதாவோ பழுப்போ கலந்த கருமையாகத் தெரிவதால், பாடநூல் படங்களை மட்டும் பார்த்துப் பழகியவர் நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிட இடமுண்டு. அழற்சி தணிந்த பின் எஞ்சும் கருமை மாதக்கணக்கில் நீடிக்கும். பொருளோடு உள்ள தொடர்பு தொடர்ந்தால் நோய் நாட்பட்ட நிலையை அடைந்து, தோல் தடித்து, அதன் இயல்பான கோடுகள் ஆழமாகி, வறண்டு வெடிக்கிறது. அரிப்பு எல்லா நிலையிலும் உண்டு. எரிச்சல் அரிப்பை விஞ்சினால் உறுத்தல் அழற்சியை ஐயுற வேண்டும்.

தடிப்பு எழும் இடம் எப்போதும் பொருள் பட்ட இடமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நகப்பூச்சு ஒத்துக்கொள்ளாதவர்க்கு விரல் நலமாக இருக்க, அவ்விரல் அடிக்கடி தொடும் கண்ணிமையில் அழற்சி தோன்றுகிறது. இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. காலில் கடுமையான அழற்சி இருக்கும்போது பொருளே படாத கைகளில் கொப்புளம் பரவுவதும் உண்டு.

கண்டறிதலும் மருத்துவமும்

தடிப்பின் தோற்றத்தைக் காட்டிலும் அது அமைந்த இடமும் தோன்றிய காலமுமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. அதை உறுதிசெய்ய உதவுவது ஒட்டுச் சோதனை. யோசெஃப் யாடாசோன் 1895இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் நடந்த தோல் மருத்துவர் மாநாட்டில் பாதரச ஒவ்வாமையைக் கொண்டு இதை விளக்கினார். ஐயத்துக்குரிய பொருள்கள், நிக்கல் சல்பேட்டாயின் 5 விழுக்காடு, பொட்டாசியம் டைகுரோமேட்டாயின் 0.5 விழுக்காடு என்றவாறு நீர்த்த நிலையில் சிறு கிண்ணங்களில் இடப்பட்டு முதுகில் ஒட்டப்படுகின்றன. 48 மணி நேரம் கழித்து அவற்றை அகற்றி ஒருமுறையும், அடுத்த ஓரிரு நாளில் மறுமுறையும் பார்க்கின்றனர். நியோமைசின் போன்றவை ஒரு வாரம் வரை கூடத் தாமதிக்கும். இதற்கிடையே முதுகை நனைக்கவோ வியர்க்க விடவோ கூடாது என்பது கோடையில் எளிதன்று. குருதியில் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை காணாக்கடிக்கும் உணவு ஒவ்வாமைக்கும் உதவலாமேயன்றி, இந்தத் தாமத வகையைக் கண்டறிய உதவாது. இருந்தும் அதற்குப் பெருந்தொகை செலவிடுவோர் பலர்.

ஒவ்வாப்பொருளை விலக்குவதே மருத்துவத்தின் அடிப்படை. அதற்கு மேல், அழற்சியின் கடுமைக்கும் இடத்துக்கும் ஏற்ற ஸ்டீராய்டு களிம்பைச் சில வாரங்களுக்கு மருத்துவர் தருவார்; மெல்லிய முகத்தோலுக்கு டாக்ரோலிமஸ் பயன்படும். ஹிஸ்டமினுக்கு இந்நோயில் பெரும்பங்கு இல்லாததால், அதைத் தடுக்கும் மாத்திரைகள் தூக்கத்தைத் தந்து சொறிவதைக் குறைக்கலாமே தவிர நோயைத் தணிப்பதில்லை. பரவலான பார்த்தீனிய அழற்சிக்கு அசத்தியோபிரின் என்னும் நோயெதிர்ப்பு அடக்கி மருந்து, குருதிச் சோதனைகளின் கண்காணிப்பில் தரப்படுகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்புகளில் வலிய ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஒருங்கே கலந்திருக்கும். வட்டப்படையை ஒவ்வாமை என எண்ணி இவற்றைப் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றிப் படை அகலமாகப் பரவும், நெடுநாள் பூசினால் தோலும் மெலியும்.

விலக்குதல் தனிமனிதர் கையில் மட்டும் இல்லை. டென்மார்க் 1983 முதல் சிமெண்டில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்து, ஆறிணைதிறக் குரோமியத்தைத் தீங்கு குறைந்த மூவிணைதிற வடிவத்துக்கு மாற்றச் செய்தது. அதன்பின் அங்குக் கட்டடத் தொழிலாளரிடையே குரோமிய ஒவ்வாமை குறைந்தது. தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருள்களிலிருந்து வெளியேறும் நிக்கலின் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் வரம்பு விதித்தது. நகையில் நிக்கல் உண்டா என்பதை வீட்டிலேயே அறியவும் வழியுண்டு: டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலையும் அம்மோனியாவையும் ஒரு துளிவீதம் பஞ்சில் இட்டு உலோகத்தின் மேல் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் பொருளாயின் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும்.